எட்டு மணி நேரத்துக்கு எண்ணூறு ரூபாய்

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்தே நைனா சரியாகப் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்றார். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் விஷயம் வெளியே வந்தது. காலையிலிருந்து மூத்திரம் பிரியவில்லை, அடிவயிறு கல் மாதிரி கட்டிப்போயிருக்கிறது. எழுபத்தொரு வயது மனுஷன், மருமகள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு அத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆற்காட்டிலிருந்து வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மேல்விஷாரம் தாண்டும்போது முனக ஆரம்பித்தவர் கிரீன் சர்க்கிள் வரும்வரை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவரையும் என் மனைவியையும் இறக்கிவிட்டேன். செக்யூரிட்டி அடுத்த நிமிஷமே வண்டியை எடுக்கச் சொன்னார், பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது, அவர் சொன்னது நியாயம்தான். இரண்டு சுற்று சுற்றினேன். காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகள் இருக்கிற சந்துகளில் பகலிலேயே வண்டி விட இடம் கிடைக்காது. 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்றைக்கு இந்த ஊரையே ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர வைத்திருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் காட்பாடியில் ரயில் இறங்கி ஆட்டோவில் வருவார்கள், சித்தூர், பலமநேர், மதனபள்ளி பக்கத்து ஜனங்கள் காரில் வருவார்கள். அந்தக் கார்கள் எல்லாம் எங்கே நிற்கும்? இடிந்த வீடு ஒன்றை வழித்துவிட்டு, தகரத்தில் ஒரு கேட் போட்டு, டியூப் லைட் கட்டினால் அது ஒரு பார்க்கிங். அப்படி ஒன்றில்தான் நானும் வண்டியை விட்டேன். மணி ஒன்பது ஐம்பது.

கேட்டில் ஒரு பையன் இருந்தான், இருபது வயது இருக்கும். "சாவியக் குடுத்துட்டுப் போங்க சார், பின்னாடி கீற வண்டி வெளிய வரணும்னா நான்தான் நகத்தணும்" என்றான். அவன் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி. என் சாவியையும் மாட்டினான். ரோஸ் கலரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு, அதில் பால்பாயிண்ட் பேனாவில் 47 என்று எழுதி, கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தான். நேரம் எழுதவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ராத்திரி முழுக்க வராந்தாவில். நைனாவுக்கு டியூப் போட்டு, ஒன்றரை மணிக்கு வலி அடங்கித் தூங்கினார். எனக்குத் தூக்கமில்லை, ஃபேன் இருந்தும் வியர்வை நிற்கவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆறு மணிக்கு அவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். வண்டி எடுக்கப் போனேன்.

பையிலிருந்து சீட்டை எடுத்தால் அது ரோஸ் கலர் கூழ். நாலாக மடித்தது ஒட்டிப்போயிருந்தது, பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. ஊதா மை பரவி சட்டைப் பையிலேயே ஒரு வட்டம் போட்டிருந்தது. 4 தெரிந்தது, 7 தெரியவில்லை.

பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு போர்டைக் காட்டினான். ராத்திரி நான் அந்த போர்டைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது படித்தேன். கார் ஒரு நாள் 150 ரூபாய், டூவீலர் 30, டோக்கன் தொலைந்தால் 500 ஃபைன், வண்டிக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

"எண்ணூறு சார்."

நான் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன். நேற்று ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள், முந்நூறு. டோக்கன் நம்பர் தெரியவில்லை, அதனால் தொலைந்த கணக்கு, ஐந்நூறு. எட்டு மணி இருபத்தைந்து நிமிஷம் வண்டி நின்றதற்கு எண்ணூறு ரூபாய்.

"தம்பி, சீட்டு கையிலதானே இருக்கு. தொலையலையே."

"நம்பரு தெரிலயே சார். நாளைக்கு ஓனரு கணக்கு கேட்டா நான் இன்னா காட்டுவேன்?"

"ஒரு நாள்னா இருபத்தி நாலு மணி நேரம் இல்லையா?"

"இங்க ராத்திரி பன்னெண்டுக்கு நாளு மாறிடும் சார். எல்லாருக்கும் அப்படித்தான். போர்டுல போட்டு கீது இல்ல?"

போர்டில் அப்படி எதுவும் போடவில்லை. ஒரு நாள் என்றுதான் இருந்தது. பில் கேட்டேன், பில் புக் இல்லை என்றான். என் சாவி அந்தப் பலகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, கையை நீட்டினால் எட்டும் தூரம்.

பின்னால் ஒருவர் வந்து நின்றார். ஆந்திரா நம்பர் வண்டி. எங்கள் வீட்டில் பாட்டி காலத்துத் தெலுங்கு கொஞ்சம் புழங்கும், அதனால் பேச்சு கொடுத்தேன். பலமநேரிலிருந்து வந்திருக்கிறார், மகளுக்கு ஆபரேஷன். திங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை விட்டிருக்கிறார், புதன் காலை எடுக்கிறார். ஒன்றரை நாள்கூட முழுசாக ஆகவில்லை, மூன்று நாள் என்று நானூற்றைம்பது கேட்டான். அவர் எண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் ஏன் கேட்கக்கூடாது என்றேன். "போனீலே சார், ஆஸ்பத்ரி பனி உந்தி" என்றார். போகட்டும் சார், ஆஸ்பத்திரி வேலை இருக்கிறது. அவர் கையில் மாத்திரைக் கவர் ஒன்று, ஸ்கேன் படம் ஒன்று. முகத்தில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு.

1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆகும்வரை பலமநேர் வடஆற்காட்டுத் தாலுகாதான். அந்த ஜனங்கள் வைத்தியத்துக்கு இங்கே வருவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊருக்கு, அதுவும் இந்த நிலையில் வருகிறவரிடம் பன்னிரண்டு மணியைக் காட்டி ஒரு நாள் கூலியைப் பிடுங்குவதா? என் எண்ணூறைவிட அவருடைய நானூற்றைம்பதுதான் என்னை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவன் சண்டை போடமாட்டான் என்பதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

நானும் அங்கே சண்டை போடவில்லை. நைனா சக்கர நாற்காலியில் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் சில காரியங்கள் செய்தேன், இதே மாதிரி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். போர்டை முழுசாக போட்டோ எடுத்தேன், பிறகு எழுத்து தெரிகிற மாதிரி கிட்டே போய் ஒன்று. கேட், சாவிப் பலகை, என் வண்டி நிற்கிற இடம், கிழிந்த சீட்டின் இரண்டு பக்கமும். ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபே செய்தேன், அதில் குறிப்பு எழுதுகிற இடத்தில் 'ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்' என்று தட்டினேன். பணம் போன பிறகு அந்த ஸ்கிரீனையும் பிடித்து வைத்தேன். பணம் எந்தப் பெயருக்குப் போனது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. பில் தராத ஆளிடம் இதைவிட நல்ல பில் கிடைக்காது.

வீட்டுக்கு வந்து நைனா தூங்கிய பிறகு யோசித்தேன். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன், பில்லும் வவுச்சரும்தான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கணக்கில் இரண்டு ரூபாய் இடித்தாலும் விடுவதில்லை. இதை விட்டால் நாளைக்கு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

முதலில் தெரிய வேண்டியது, அந்த இடம் யாருடையது என்பது. மாநகராட்சி ஏலம் விட்ட ஸ்டாண்டு என்றால் கட்டணம் டெண்டரிலேயே இருக்கும், குத்தகைதாரர் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் மாநகராட்சியிடமே புகார் கொடுக்கலாம். பட்டா இடம் என்றால் கதை வேறு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன், முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டும், தந்தார்கள். அது மாநகராட்சி இடம் இல்லை, தனியார் இடம்.

சொந்த இடத்தில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவது தப்பில்லை. நூற்றைம்பது ரூபாயை நான் குறை சொல்லவே இல்லை, அந்தச் சந்தில் அந்த இடத்துக்கு அது தகும். ஆனால் கட்டணத்தை போர்டில் எழுதி வைத்து என் வண்டியை உள்ளே வாங்கினார் என்றால், அந்த போர்டுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம். அதில் இல்லாத விதியை, வண்டி உள்ளே போன பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அப்புறம் அந்த ஃபைன் என்ற சொல். அபராதம் போடுகிற அதிகாரம் போலீசுக்கும் போக்குவரத்து அதிகாரிக்கும் சட்டம் கொடுத்தது. தகர கேட் போட்டவருக்கு அதை யாரும் கொடுக்கவில்லை. அவர் கேட்க முடிந்தது நஷ்ட ஈடு மட்டும்தான்.

நஷ்ட ஈடு என்றால் நஷ்டம் வேண்டும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான அளவுக்குத்தான் வாங்கலாம், எழுதியிருக்கிறது என்பதற்காக முழுசையும் வாங்க முடியாது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு கம்பெனியின் முன்பணத்தை நிலப் பேரத்தில் பிடித்துக்கொண்ட வழக்கு ஒன்று 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நஷ்டமே இல்லாதபோது இந்தப் பிரிவில் ஈடு கிடையாது என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர வைத்தார்கள். என் ரோஸ் சீட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? டோக்கன் எதற்கு? வண்டியை வேறு ஆள் எடுத்துப் போகாமல் இருக்க. ஆர்.சி. என் பேரில் இருக்கிறது, டிஜிலாக்கரில் அதைத் திறந்து காட்டினேன், வண்டி நம்பரும் என் பெயரும் அதில் இருந்தது. சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. நஷ்டம் என்று பார்த்தால் ஒரு துண்டுக் காகிதம்.

அந்த நாலாவது வரியைப் பற்றியும் சொல்லவேண்டும், எல்லா ஸ்டாண்டிலும் அது எழுதியிருக்கும், எல்லோரும் அதை நம்பிக்கொண்டும் இருப்போம். நிர்வாகம் பொறுப்பல்ல. 1998 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் வண்டியின் சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார், வண்டி திருடு போய்விட்டது. சீட்டின் பின்னால் ஹோட்டல் பொறுப்பல்ல என்றுதான் அச்சடித்திருந்தது. அந்த வழக்கு 2019 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சாவியை வாங்கி வண்டியை உன் வசம் எடுத்துக்கொண்டால் அதை ஒழுங்காகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற கடமையும் உனக்கு வருகிறது, உன் பக்கம் அஜாக்கிரதை இருந்தால் அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்றார்கள். அது ஹோட்டல், இது தகர கேட், அது வேறுதான். ஆனால் ஆணியில் தொங்கியதும் சாவிதான்.

சீட்டின் பின்பக்கத்தில் இன்னொன்று இருந்தது, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 'ஜி.எஸ்.டி. உட்பட' என்று அச்சடித்திருக்கிறார்கள், நம்பர் இல்லை. ஜி.எஸ்.டி. நம்பர் பதினைந்து எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் ஆரம்பிக்கும், தினமும் நூறு பார்க்கிறேன். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் சேவை வருமானம் இருக்கிற சின்ன ஆள் பதிவு செய்யத் தேவையில்லை, அது சரி. ஆனால் பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. என்று சொல்லி ஒரு பைசா வாங்கக்கூடாது. பதிவு இருந்தால் நம்பரைப் போடவேண்டும். இரண்டில் ஒன்று.

அந்த இடத்தின் ஓனருக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம், திட்டாமல். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு. போர்டில் என்ன இருக்கிறது, என்ன வாங்கினீர்கள். 150 உங்களுக்குச் சேரவேண்டியது, 650 எனக்குத் திரும்ப வேண்டியது. நாள் என்றால் 24 மணி நேரம் என்று போர்டில் எழுதவேண்டும், டோக்கன் இல்லாவிட்டால் ஆர்.சி. பார்த்து வண்டி தரவேண்டும். ரசீது தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜி.எஸ்.டி. நம்பரைத் தெரிவிக்கவும். பதினைந்து நாள் டைம். போட்டோக்களை நகல் எடுத்து வைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை எடுத்து ஃபைலில் வைத்தேன்.

பன்னிரண்டாவது நாள் போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார். "இதுக்குப் போயி லெட்டரெல்லாம் எதுக்கு சார், நேர்ல வந்து சொல்லி இருந்தா முடிஞ்சிருக்குமே. ஐந்நூறு அனுப்பிடறேன், உட்டுடுங்க." நேரில் சொன்னேனே, உங்கள் கேட்டில், காலை ஆறேகால் மணிக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த ஜி.எஸ்.டி. விஷயம் பிரிண்டர் ஆள் பண்ணின தப்பு என்றார். எனக்குத் தெரிந்து அவரை அசைத்தது அந்த வரிதான், 74-ஆம் பிரிவு இல்லை. அன்று சாயங்காலமே 650 வந்துவிட்டது. போர்டைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் சார் என்றார்.

பணம் வந்ததோடு விட்டுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். நைனா மட்டும் எதுவும் சொல்லவில்லை. விட மனசு வரவில்லை. பலமநேர்க்காரருக்கு எதுவும் திரும்ப வரவில்லையே. 1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம், புகாரைப் பதிந்து நம்பர் கொடுத்தார்கள். அதில் தீராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம், நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். பலரும் அறியாத ஒன்று, சம்பவம் நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டத்தில் நுகர்வோர் தான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்கு போடலாம். அந்த மனிதர் மகளை வீட்டில் வைத்துக்கொண்டு தன் ஜில்லாவிலிருந்தே இதைச் செய்யலாம். அன்று காலை எனக்கு இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பையனைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை எட்டு வரை அவன் ஒருவன்தான். சீட்டுக் கட்டில் எத்தனை கிழிந்திருக்கிறதோ அத்தனைக்கும் காசு காட்டவேண்டும், குறைந்தால் அவன் கூலியில் பிடிப்பார்களாம். அவனிடம் கத்தி ஜெயிப்பதில் ஒன்றுமில்லை. கணக்கு போட்டவர் வேறு இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவர் வீட்டு வாசலுக்குத்தான் தபால் போகவேண்டும்.

ஆறு வாரம் கழித்து நைனாவை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. வேண்டுமென்றேதான் அதே இடத்துக்குப் போனேன். போர்டில் 'ஒரு நாள்' பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் '24 மணி நேரம்' என்று எழுதியிருந்தது, பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. 500 ரூபாய் ஃபைன் என்ற வரி அப்படியே இருந்தது. அதை மட்டும் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, 1915 புகாரோடு சேர்த்துவைத்தேன்.

பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னாணா, தாத்தா எப்படி கீறாரு?" என்றான். பரவாயில்லை, எழுந்து நடக்கிறார் என்றேன். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினான். சீட்டில் நம்பர் எழுதினான், கீழே வண்டி நம்பர், நேரம் 9.20. கிழித்து நீட்டப்போனவன் நிறுத்தி, மேசை டிராயரிலிருந்து செல்லோடேப் எடுத்து, எழுதின இடத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக் கொடுத்தான்.